தேர் நிலைக்கு வர்ற வேகத்துல... ஒரு டாக்கிங்!

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குள் போயிருக்கீங்களா? போயிட்டு முழுசா வெளியே வந்திருந்தீங்கன்னா, விண்வெளியில் ரெண்டு கலங்கள் எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்கிற பாடத்தில் நீங்க ஏற்கெனவே பாதி பாஸ்!

அந்தத் தெருவில் நாம நடக்கிறதில்லை. கூட்டம்தான் நம்மளை நடத்திட்டுப் போகுது. பக்கத்தில் வர்ற ஃப்ரெண்டும் அதே வேகம். அதனால, கையில இருக்கிற கரும்பு ஜூஸை ஒரு சொட்டு சிந்தாம அவன்கிட்ட கொடுத்துடலாம். ஆனா, கடையிலிருந்து குறுக்கே பாயுற ஆள் மேல மோதினா ஜூஸ் மொத்தமும் சட்டையில! மேலேயும் இதே கதைதான். 475 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுத்துற ஒரு கலம் செகண்டுக்கு ஏழரை கிலோமீட்டருக்கும் மேல பறக்குது. அடையாறிலிருந்து தி.நகருக்கு ஒரே ஒரு செகண்ட். ஆனா, பக்கத்துக் கலமும் அதே திசையில் அதே வேகத்தில் போனா, ஒண்ணைப் பொறுத்தவரைக்கும் இன்னொண்ணு சும்மா நிக்குது. அவ்வளவுதான்.

மீதிப் பாதியில்தான் சிக்கல். தெருவில் ஃப்ரெண்ட் இருபது அடி முன்னாடி போயிட்டா எட்டி நடை போடுவீங்க. சுற்றுப்பாதையில் எட்டி நடை போட்டா அவன் இன்னும் தூரமா போயிடுவான்! எஞ்சினைப் போட்டு முன்னாடி தள்ளினா உங்க பாதை மேலே ஏறி வட்டம் பெரிசாகிடும். பெரிய வட்டத்தில் வேகம் குறைச்சல், சுத்தவேண்டிய தூரமோ ஜாஸ்தி. முன்னாடி போறவனைப் பிடிக்கணும்னா பிரேக் போட்டுக் கீழே இறங்கணும். கீழ் வட்டத்தில் வேகமா ஓடி, அவன் பக்கத்தில் வர்ற சமயம் பார்த்து மேலே ஏறிக்கணும். 1965 ஜூனில் ஜெமினி-4 கலத்தில் போன ஜேம்ஸ் மெக்டிவிட், தன்னைச் சுமந்து வந்த ராக்கெட்டின் மேல்பகுதியை நெருங்கப் பார்த்தார். அனுபவமுள்ள பைலட். 'முன்னாடி இருக்கு, முன்னாடி தள்ளு'ன்னு மூளை சொன்னதைக் கேட்டார். எரிபொருள் கரைஞ்சதுதான் மிச்சம்.

இதையெல்லாம் நான் எந்த கிளாஸிலும் படிக்கலை. கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்னு ஒரு கேம். மெக்ஸிகோ நகரத்தில் ஸ்குவாட் என்கிற கம்பெனி உருவாக்கி, 2011-ல் முதல் வடிவத்தை வெளியிட்டது. (அதுக்கும் முன்னாடியே, 2000-ல், மார்ட்டின் ஷ்வைகர் எழுதின ஆர்பிட்டர் வந்துடுச்சு. அது இலவசம். பாக்கெட்ல காசில்லாதவங்க அதுல ஆரம்பிக்கலாம்.) கெர்பல்ல குட்டிக் குட்டிப் பச்சை ஆசாமிகளை வெச்சு ராக்கெட் கட்டி, மேலே ஒரு ஸ்டேஷனைத் துண்டு துண்டா சேர்க்கலாம். ஏன் துண்டு துண்டா? முழு ஸ்டேஷனை ஒரே மூச்சில் தூக்குற ராக்கெட் யார்கிட்டேயும் கிடையாது. சர்வதேச விண்வெளி நிலையமும் 1998 நவம்பரில் ஸார்யா என்கிற ஒரே ஒரு பகுதியாகத்தான் போச்சு. டிசம்பரில் யூனிட்டி வந்து சேர்ந்தது. இப்போ 400 டன்னைத் தாண்டி நிக்குது.

மாடல் பார்க்கணும்னா தி.நகரிலேயே இருக்கு. 2023-ல் திறந்த ஸ்கைவாக். ஒரு முனை மாம்பலம் ஸ்டேஷனில், மறுமுனை பஸ் ஸ்டாண்ட் பக்கம், நடுவில் அரைக் கிலோமீட்டருக்கு மேல நீளமா ஒரு கூடு. கீழே கூட்டம் கொதிக்க, நீங்க ஆஸ்ட்ரோநாட் மாதிரி மிதந்து போகலாம்!

சரி, மயிலாப்பூருக்கு வாங்க. கச்சேரி ரோடு பக்கம் ஒரு மாடி ரூம்லதான் என் ஸ்டேஷன் உருவாச்சு. உருவாகி, உடைஞ்சு, மறுபடி உருவாகி, மறுபடி உடைஞ்சு... பதினோரு தடவை! ரெண்டாவது பகுதியைக் கொண்டுவந்து ஒட்டும்போதெல்லாம் அவசரம். இருநூறு மீட்டர் தூரத்தில் போர்ட் தெரியும். இவ்ளோ பக்கத்துல வந்தாச்சேன்னு தள்ளுவேன். செகண்டுக்கு நாலு மீட்டர்தான், சைக்கிள் வேகம்கூட முழுசா இல்லை. சோலார் பேனல் எல்லாம் அப்பளமா நொறுங்கும். எஃப்-9 பட்டனை அழுத்தினா பழைய இடத்துக்குத் திரும்பிடலாம் என்பதால் பயமே இல்லை.

எஃப்-9 இல்லாத இடத்தில் என்ன ஆகும்? 1997 ஜூன் 25, மிர் நிலையம். சரக்குக் கலம் ஒண்ணை உள்ளேயிருந்தே ரிமோட்டில் ஓட்டி டாக்கிங் பண்ணிப் பார்த்தாங்க. வேகம் அடங்கலை. ஸ்பெக்டர் என்கிற பகுதியில் போய் மோதி ஓட்டை விழுந்து, காற்று வெளியேற ஆரம்பிச்சது. உள்ளே மூணு பேர். கதவு வழியா ஓடின கேபிள்களைப் பிடுங்கி, அந்தப் பகுதியை அடைச்சுத்தான் உயிர் பிழைச்சாங்க.

பதினோராவது தடவை உடைஞ்ச அன்னிக்கு கபாலீஸ்வரர் கோயில் தேர். பங்குனி வெயில். லேப்டாப்பை மூடிட்டு, நீர்மோர் குடிக்கலாம்னு மாட வீதிக்கு இறங்கிப் போனேன். தேரை இதுக்கு முன்னாடியும் பார்த்திருக்கேன். ஆனா, வடம் பிடிக்கிறவங்களைத்தான் பார்த்திருக்கேன், சக்கரத்தடியில் இருக்கிறவங்களைப் பார்த்ததில்லை. நீங்களும் அடுத்த முறை அங்கே பாருங்க.

தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. இழுக்கிறவங்களுக்கு முன்னாடி இழுக்க மட்டும்தான் தெரியும். திருப்புறது, நிறுத்துறது எல்லாம் சக்கரத்துக்கிட்ட முட்டுக்கட்டையோட நிக்கிறவங்க வேலை. சரியான நேரத்தில் சரியான கோணத்தில் கட்டையைச் சொருகணும். சக்கரம் அதில் ஏறி ஒரு முழம் திரும்பும். உடனே கட்டையை எடுத்து அடுத்த பக்கம். அரை விநாடி தப்பினா கை போயிடும். மாட வீதி முனையில் தேர் திரும்ப எவ்வளவு நேரமானாலும் யாரும் அவசரப்படுத்தறதில்லை. அதைவிட, கடைசியில் நிலைக்கு வர்றதைப் பார்க்கணுமே! பல ஆயிரம் பேர் இழுத்து வந்த வேகமெல்லாம் அடங்கி, வடம் தளர்ந்து, ஒரு தள்ளு, ஒரு கட்டை, ஒரு விசில்... அடி அடியா அல்ல, அங்குலம் அங்குலமா. நிறுத்தி, இறங்கி வந்து பார்த்து, மறுபடி ஒரு தள்ளு.

ரூமுக்குத் திரும்பிப் போய் அதையே செஞ்சேன். ரெண்டு கிலோமீட்டரில் முழுசா நிறுத்தினேன். இருநூறில் நிறுத்தினேன். நூறில் நிறுத்திக் கோணத்தைச் சரி பார்த்தேன். அப்புறம் செகண்டுக்கு 20 சென்டிமீட்டர். கடைசி நூறு மீட்டருக்கு எட்டு நிமிஷத்துக்கு மேல ஆச்சு. காந்தம் இழுத்து 'டக்'குனு ஒட்டிச்சே... ராத்திரி ரெண்டு மணிக்கு நான் போட்ட கத்தலில் ஹவுஸ் ஓனர் மாமி எழுந்து வந்துட்டாங்க!

சும்மா கேம்தானேன்னு நினைக்கிறவங்களுக்கு இஸ்ரோ கதை. 2024 டிசம்பர் 30 இரவு 10 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-60 ஸ்பேடெக்ஸ் கலங்களைத் தூக்கிட்டுப் போச்சு. ஆளுக்குச் சுமார் 220 கிலோ. ஒருத்தர் துரத்துறவர், இன்னொருத்தர் இலக்கு. ஒட்டிக்கிற வளையத்தின் குறுக்களவு 450 மில்லிமீட்டர். தெற்கு மாட வீதியில் வாங்குற ஒரு முழம் மல்லிப்பூ இருக்கே, கிட்டத்தட்ட அவ்வளவுதான். நெருங்கவேண்டிய வேகம் செகண்டுக்கு 10 மில்லிமீட்டர் என்ற கணக்கில்!

ஜனவரி 7-ல் டாக்கிங்னு சொன்னாங்க, தள்ளிப்போச்சு. 9-னு சொன்னாங்க, கலங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமா நகருதுன்னு அதுவும் தள்ளிப்போச்சு. 12-ம் தேதி 15 மீட்டருக்கு வந்து, அங்கிருந்து 3 மீட்டர் வரைக்கும் வந்து... பின்வாங்கிடுச்சு! 'அட, இவ்ளோ பக்கத்துல வந்துட்டா?'ன்னு நிறைய பேர் உச் கொட்டினாங்க. எனக்கோ கைதட்டத் தோணிச்சு. மூணு மீட்டரில் ஆசையை அடக்கித் திரும்பறதுதான் இந்த ஆட்டத்திலேயே கஷ்டமான மூவ். அந்த வாரம்தான் குமரி மாவட்டத்துக்காரரான வி.நாராயணன் இஸ்ரோ தலைவராப் பொறுப்பேற்றிருந்தார். ஜனவரி 16, காணும் பொங்கல். நாம பீச்சுக்குக் கிளம்ப கட்டுச்சோறு கட்டிட்டிருந்த அன்னிக்கு ரெண்டும் ஒட்டிக்கிச்சு. அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்கு அடுத்து நாலாவதா நாம. மார்ச் 13-ல் பிரிச்சு, ஏப்ரல் 20-ல் மறுபடி ஒட்டவெச்சாங்க. ரெண்டாவது தடவை 15 மீட்டரிலிருந்து மனுஷத் தலையீடே இல்லாம தானாவே போய் ஒட்டிச்சு.

இந்தியாவோட சொந்த விண்வெளி நிலையத்துக்கு 2028-ல் முதல் பகுதியை அனுப்பி, 2035-க்குள் அஞ்சு பகுதிகளையும் சேர்க்கணும்னு திட்டம். கணக்குப் போட்டுப் பாருங்க... இப்போ செகண்ட் இயர் படிக்கிற உங்களுக்கு அப்போ முப்பது வயசு நெருங்கும். அந்த ஸ்க்ரீன் முன்னாடி உட்கார்ந்து 'மூணு மீட்டர், நிறுத்து'ன்னு சொல்லப்போறது யாருன்னு நினைக்கிறீங்க?

கடைசி ஸ்டாப் அடையாறு. கோட்டூர்புரத்தில் 1988-ல் திறந்த பிர்லா கோளரங்கம் இருக்கு, ஸ்கூல் எக்ஸ்கர்ஷனோட விட்டிருந்தா இன்னொரு தடவை எட்டிப் பாருங்க. ஆனா நிஜ ஷோ பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சில், டிக்கெட் கிடையாது. விண்வெளி நிலையம் சென்னை மேல எப்போ வரும்னு நாசாவோட ஆப்பில் பார்த்து வெச்சுக்குங்க. சூரியன் மறைஞ்ச கொஞ்ச நேரத்தில் வர்ற நாளா இருந்தா நல்லது. லைட்டும் சுண்டல் கடையும் இல்லாத பக்கமா மணலில் உட்காருங்க. மினுக்காத, சத்தம் போடாத, பளிச்சுனு ஒரு புள்ளி வானத்தைக் கடக்கும். அதுக்குள்ளே ஆள் இருக்காங்க, பாஸ்! அஞ்சாறு நிமிஷம். சில நாள் வானத்தோட நடுவிலேயே சட்டுனு மறைஞ்சுடும். பயப்படாதீங்க, பூமியோட நிழலுக்குள்ளே போயிடுச்சு. ஒன்றரை மணி நேரத்தில் ஒரு சுத்து முடிச்சுடும். ஆனா அதுக்குள்ளே பூமி திரும்பியிருக்கும், அடுத்த சுத்து நம்ம தலைக்கு மேல வராது. அதனால முதல் தடவையே மொபைலைப் பையில போட்டுட்டு கண்ணால பாருங்க.