அப்டேட் போட்டா எழுத்து போயிரும்

"அப்டேட்டுன்னு காட்டுனா அமுக்கிறாதீங்க அண்ணே, எழுத்து போயிரும்."

மியன்மாரின் தாகேதாவில் எங்கள் தெருமுனை ஃபோன் கடைத் தம்பி எல்லோருக்கும் சொல்லும் புத்திமதி இது. புது ஆண்ட்ராய்டு தாமதமாக வருகிறதே என்று ஊர் உலகம் குறைப்படுகிறது. இங்கேயோ வந்ததையும் வேண்டாம் என்கிறார்கள். இந்தப் பயம் எங்கிருந்து கிளம்பியது என்று தேட ஆரம்பித்தேன்.

தம்பிக்குக் காரணம் தெரியவில்லை. கடையை முன்பு நடத்திய தன் மாமாவைக் கேட்கச் சொன்னார். "அப்பல்லாம் ஃபோன்ல பர்மா எழுத்தே வராதுப்பா, கட்டம் கட்டமாத் தெரியும். நாங்கதான் ரூட் பண்ணி ஜோஜி ஏத்திக் குடுப்போம்" என்றார் மாமா. நூல் அகப்பட்டது.

உலகப் பொதுக் குறியேற்றமான யூனிகோடில் பர்மிய எழுத்து 1999-லேயே இடம்பிடித்துவிட்டது. ஆனால் அதை முறையாகக் கோத்துத் திரையில் காட்ட அன்றைய கணினிகளுக்குத் தெரியவில்லை. காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் 2000களின் நடுவில் ஜோஜி என்ற எழுத்துருவைக் கொண்டுவந்தார்கள். ஏற்றினால் போதும், எழுத்து தெரியும். 2008 ஏப்ரலில் யூனிகோடு 5.1 பர்மிய எழுத்துமுறையைச் சீர்செய்தபோது ஜோஜி ஏற்கெனவே வேர்விடத் தொடங்கியிருந்தது.

கோளாறு எங்கே என்பது தமிழருக்கு எளிதில் புரியும். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. திஸ்கி போன்ற பழைய குறியேற்றங்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பை முதலில் வைத்தன. யூனிகோடு ககரத்தை முதலில் வைத்துக் கொம்பைப் பின்னால் சேர்க்கிறது. பர்மிய எழுத்திலும் அப்படி ஒரு கொம்பு உண்டு. ஜோஜி பார்த்தபடி வைத்தது, யூனிகோடு உச்சரித்தபடி வைத்தது. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் எழுத்துகள் கலைந்து நிற்கும். போதாததற்கு மோன், ஷான், கரேன் மொழிகளுக்கென்று ஒதுக்கிய இடங்களையும் ஜோஜி பர்மிய எழுத்தின் மாற்றுருவங்களுக்கு எடுத்துக்கொண்டது. அந்த மொழிக்காரர்களுக்குத் தங்கள் எழுத்தே ஃபோனில் ஒழுங்காகத் தெரியாமல் போனது.

2014-ல் ஊரிடூ, டெலிநார் என்ற தொலைபேசி நிறுவனங்கள் வந்தன. ஒருகாலத்தில் லட்சக்கணக்கான கியாட் விலைபோன சிம் கார்டு 1,500 கியாட்டுக்குக் கிடைத்தது. கணினியையே தொடாதவர்கள் கையிலும் ஆண்ட்ராய்டு ஃபோன். எழுத்து தெரியாத ஃபோனை யார் வாங்குவார்கள்? சாம்சங், ஹுவாவே போன்ற நிறுவனங்கள் ஜோஜியை ஏற்றியே விற்றன. மற்ற ஃபோன்களுக்கு மாமா போன்ற கடைக்காரர்கள்.

அங்கேதான் முடிச்சு. ரூட் செய்வதென்றால் கம்பெனி போட்ட பூட்டை உடைத்து, ஃபோனின் உள்ளமைப்பில் கைவைப்பது. அப்படிக் கைவைத்த ஃபோனில் கம்பெனி அனுப்பும் அப்டேட் பெரும்பாலும் ஏறாது, பாதியில் நின்றுவிடும். முழு மென்பொருளையும் புதிதாக ஏற்றினால் கடைக்காரர் போட்ட எழுத்துரு அழிந்துவிடும். ஆக, "எழுத்து போயிரும்" என்பது மூடநம்பிக்கை அல்ல, அன்றைக்கு அது அனுபவ உண்மை. எழுத்தைப் பெறுவதற்காக மக்கள் அப்டேட்டை விட்டுக்கொடுத்தார்கள்.

2019 அக்டோபர் 1-ஆம் தேதி மியன்மார் அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. அதையொட்டி ஃபேஸ்புக்கும் ஜோஜியைத் தானாக யூனிகோடாக மாற்றிக் காட்டும் வசதியைக் கொண்டுவந்தது. இன்றைய ஃபோன்களில் அப்டேட் போட்டால் எந்த எழுத்தும் போகாது. காரணம் போய்விட்டது, பயம் மட்டும் மாமாவிடமிருந்து மருமகனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, ஊர் உலகம் குறைப்படும் அந்தத் தாமதம் உண்மையில் யாரைத்தான் பாதிக்கிறது? புது ஐகானும் புது அமைப்பும் ஒரு வருஷம் கழித்து வந்தால் தாகேதாவில் யாருக்கும் நஷ்டமில்லை. செயலிகள் பிளே ஸ்டோர் வழியாகத் தனியாகவே புதுப்பிக்கப்படுகின்றன. ஆனால் பாதுகாப்புத் திருத்தம் தாமதமானால் கதை வேறு. 2015-ல் ஆண்ட்ராய்டில் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வெளிப்பட்டது. ஒரு வீடியோச் செய்தியை அனுப்பியே அடுத்தவர் ஃபோனுக்குள் நுழைய வழியிருந்தது. அதன் பிறகுதான் கூகுள் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடத் தொடங்கியது. அந்தத் திருத்தம் கூகுளிடமிருந்து சிப் கம்பெனி, ஃபோன் கம்பெனி என்று கைமாறித்தான் நம்மிடம் வரும். மலிவு ஃபோன்களுக்குப் பல நேரம் வழியிலேயே நின்றுவிடும். 2023-ல் பிக்ஸல் 8-க்கும் 2024-ல் கேலக்ஸி எஸ் 24-க்கும் ஏழு வருஷ அப்டேட் அறிவித்தார்கள். இரண்டும் எங்கள் தெருவில் புழங்கும் விலையில் இல்லை.

பணம் அனுப்ப உதவும் கேபிஇசட்பேயும் வேவ் மணியும் அந்த மலிவு ஃபோன்களில்தான் ஓடுகின்றன. அதனால் தம்பியிடம் புத்திமதியை மாற்றச் சொன்னேன்: ஆண்ட்ராய்டு எத்தனையாவது என்று பார்க்க வேண்டாம், அமைப்புகளில் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதியைப் பாருங்கள், அது வருஷக்கணக்கில் பழையதென்றால் அந்த ஃபோனில் பணம் வைக்காதீர்கள். பழைய ஃபோன் வாங்க வருபவரிடமும் கேமராவைக் காட்டுவதற்கு முன் இந்தத் தேதியைக் காட்டுங்கள்.

"தேதி பழசுன்னா ஃபோன் விக்காதே அண்ணே" என்றார் தம்பி. அவர் கவலை அவருக்கு. ஆனால் தாமதத்துக்கு விலை வைக்கும் இடமும் அதுதான். வாங்குகிறவர் கேட்காத தேதியைக் கம்பெனி ஏன் புதுப்பிக்கப் போகிறது?