ஸ்பைடரை ஏன் பிடிக்கிறது?

"அண்ணே, இந்த வயசுலயும் ஸ்பைடர் கதையா?" என்று எங்க திசையன்விளைத் தம்பி ஒருத்தன் கேட்டான். அவனுக்கான பதில் இது.

ஸ்பைடர் 1965-ல் பிரிட்டனின் 'லயன்' காமிக்ஸ் வார இதழில் பிறந்தவன். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகலும் பின்னாளில் அவனுக்குக் கதை எழுதினார். நமக்கு அவனைத் தமிழ் பேச வைத்தது, 1984-ல் தொடங்கிய சிவகாசி லயன் காமிக்ஸ்.

கூரான காதுகள், கருப்பு உடை, வலை பீச்சும் துப்பாக்கி. குற்ற உலகத்துக்கே சக்கரவர்த்தி ஆகணும், அதுதான் அவன் ஆசை. பெட்டகம் உடைக்கும் ஆர்டினியும் விஞ்ஞானி பெல்ஹாமும் அவனுக்கு அடங்கி நடப்பது பாசத்தால் அல்ல, பயத்தால். அதனால் ஒரே அணிக்குள்ளேயே யார் யாரைக் கவிழ்ப்பார்கள் என்ற பதைபதைப்போடுதான் பக்கத்தைத் திருப்புவோம்.

பிறகு அதே ஸ்பைடர் குற்றவாளிகளை வேட்டையாடத் தொடங்குகிறான். மனம் உருகித் திருந்தியதாக எனக்குத் தோன்றவில்லை. தன்னை மிஞ்சிய ஒருவன் இருப்பதை அவன் ஆணவம் பொறுக்காது. ஊரைக் காப்பாற்றும்போதும் தற்பெருமை ஒரு இழை குறையாது.

மற்ற நாயகர்களின் கதைகளில் நல்லவன் ஜெயிப்பான் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் ஸ்பைடர் ஜெயித்தால் சந்தோஷப்படலாமா என்பதை நாமே முடிவு செய்யணும். வாசகனை நம்பி அந்தப் பொறுப்பைத் தருகிற கதையை எந்த வயதிலும் படிக்கலாம், தம்பி.

உங்களுக்குப் பிடித்த 'கெட்ட' நாயகன் யார் மக்களே?