தலைப்பில் இடம்பெறாத சொல்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உலகப் பத்திரிகைகள் பலவும் புற்றுநோய்க்கு அதிசய மருந்து கிடைத்துவிட்டது என்ற தொனியில் தலைப்பிட்டன. நியூயோர்க் நகரின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் நிலையத்தில் மலக்குடற் புற்றுநோயாளர் 12 பேருக்கு டொஸ்டார்லிமாப் என்னும் மருந்து மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, ஆறு மாதங்கள் ஏற்றப்பட்டது. பன்னிருவரிடத்தும் கட்டி மறைந்தது. அறிக்கை வெளியாகும்வரை எவருக்கும் சத்திரசிகிச்சையோ கதிர்ச்சிகிச்சையோ தேவைப்படவில்லை.

செய்தி உண்மையே. அந்நாட்களில் என்னுடன் தொலைபேசியில் உரையாடிய அன்பர்கள் கேட்டது ஒரே கேள்வி: "அந்த மருந்தை எங்கே வாங்கலாம்?" ஒருவர் தமது சகோதரிக்காக வீட்டை ஈடுவைக்கவும் ஆயத்தமாக இருந்தார். சகோதரிக்கு வந்திருந்ததோ வேறொரு புற்றுநோய்.

அந்தப் பன்னிருவரும் ஓர் உயிரியல் குறிகாட்டியைக் கொண்டு தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே அது குறிப்பிடப்பட்டிருந்தது. பத்திரிகைத் தலைப்புகளிலேதான் அது உதிர்ந்துபோயிற்று.

அக்குறிகாட்டியை எனது தொழிலைக் கொண்டே விளக்கலாம். பத்திரிகைப் பக்கம் அச்சேறுமுன் ஒப்புநோக்காளர் அதனை வாசித்துப் பிழை திருத்துவார். உயிரணு தனது மரபணுவைப் படியெடுக்கும்போது அதே பணியைச் செய்யும் புரதங்கள் உள்ளன. சில கட்டிகளில் இவை செயற்படுவதில்லை. பிழைகள் மலிகின்றன. அவ்வாறு பிழை மலிந்த உயிரணுவை உடலின் நிர்ப்பீடனத் தொகுதி அந்நியமாக இனங்காண்கிறது. ஆயினும் புற்றுநோய் அத்தொகுதிக்குத் தடை போட்டு வைத்திருக்கும். மருந்து செய்வது அத்தடையை நீக்குவதே. இனங்காண அதிகம் இல்லாத கட்டியில் தடையை நீக்குவதால் மட்டும் பெரும்பாலும் பயன் விளைவதில்லை.

2015இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்கள் இதனைக் காட்டினர். அவர்கள் பெம்ப்ரோலிசுமாப் என்னும் மருந்தைப் பெருங்குடல், மலக்குடற் புற்றுநோயாளருக்கு வழங்கினர். பிழைதிருத்தும் ஆற்றலை இழந்த கட்டியுடைய 10 பேரில் நால்வருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. அந்த ஆற்றல் குன்றாத கட்டியுடைய 18 பேரில் ஒருவருக்கேனும் அவ்வாறு நிகழவில்லை. முதல்வகைக் கட்டிகளில் சராசரியாக 1782 மரபணுப் பிழைகள், மற்றையவற்றில் 73. 2017 மே மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், கட்டி எந்த உறுப்பில் தோன்றியது என்று பாராமல், இக்குறிகாட்டியை வைத்தே பெம்ப்ரோலிசுமாப்புக்கு அனுமதி வழங்கியது. அவ்வகையில் அதுவே முதலாவது அனுமதி.

மலக்குடற் புற்றுநோயாளருள் இக்குறைபாடு உடையோர் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் மாத்திரமே. குறிகாட்டி இருந்தாலும் எல்லோருக்கும் பலன் உறுதியில்லை என்பதற்கு, அந்தப் பத்துப் பேரில் எஞ்சிய அறுவரே சான்று.

சோதனை கடினமானதன்று. பயொப்சியில் எடுத்த இழையத்துக்குச் சாயமூட்டி, நான்கு புரதங்கள் உள்ளனவா என்று பார்ப்பார்கள். ஆகவே அன்பர்களே, மருந்தின் விலையை விசாரிக்குமுன் வைத்தியரிடம் இதனைக் கேளுங்கள்: "இந்தக் கட்டிக்கு அந்தச் சோதனை செய்யப்பட்டதா? முடிவு என்ன?"