அபுதாபியில் ஓர் அமெரிக்க வாசல்: “உங்க வீடு எங்கே இருக்கு?”

அபுதாபி விமான நிலையம், டெர்மினல் ஏ. கண்ணாடிக்கு வெளியே பாலைவன வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. உள்ளே அமெரிக்கா செல்லும் பயணிகளுக்கென ஒதுக்கப்பட்ட பகுதியில் நீண்ட வரிசை. அது முடியும் இடத்தில், கவுன்டர்களுக்குப் பின்னால், அடர்நீலச் சீருடையில் அமெரிக்க அதிகாரிகள். அமெரிக்கா இன்னும் 14, 15 மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறது. ஆனால், அதன் வாசல்படி இங்கேயே போடப்பட்டிருக்கிறது.

இந்த வரிசையில் தமிழர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். காட்டன் சேலை, அதன்மேல் ஸ்வெட்டர், காலில் மகள் வாங்கிக் கொடுத்த ஸ்போர்ட்ஸ் ஷூ என ஓர் அம்மா நிற்பார். பக்கத்தில், பிளாஸ்டிக் ஃபைலை மார்போடு அணைத்தபடி ஓர் அப்பா.

திருவையாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருக்கும் இந்தத் தம்பதியும் அப்படித்தான் நிற்கிறார்கள். அவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். சிகாகோவில் இருக்கும் மகளுக்கு அடுத்த மாதம் இரண்டாவது பிரசவம். 22 மாதங்களுக்குள் இது அவர்களுக்கு மூன்றாவது அமெரிக்கப் பயணம்.

“ஏங்க, போன தடவை மாதிரியேதான கேப்பாங்க?” என்கிறார் அவர் மனைவி, மூன்றாவது முறையாக.

“ஒண்ணும் இல்ல. நான் பேசிக்கிறேன். நீ சும்மா நில்லு.”

சொல்லிவிட்டாரே தவிர, அவர் கையில் இருக்கும் ஃபைல் லேசாக நடுங்குகிறது.

பாலைவனத்தில் ஒரு செக் போஸ்ட்

வழக்கமாக, ஒரு நாட்டில் இறங்கிய பிறகுதான் இமிகிரேஷன் சோதனை நடக்கும். அபுதாபி அதற்கு விதிவிலக்கு. இங்கே 2014 ஜனவரி முதல் அமெரிக்க அதிகாரிகளே அமர்ந்து, விமானம் ஏறும் முன்பே இமிகிரேஷன், கஸ்டம்ஸ் சோதனைகளை முடித்துவிடுகிறார்கள். கனடா, அயர்லாந்து, பஹாமாஸ் போன்ற நாடுகளிலும் இந்த வசதி உண்டு. ஆசியாவில் இருப்பது அபுதாபியில் மட்டும்தான்.

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் இல்லை என்பதால் துபாய், தோஹா, லண்டன், ஃபிராங்க்ஃபர்ட் என ஏதாவது ஓர் ஊரில் மாறித்தான் போக வேண்டும். வயதான பெற்றோருக்குப் பலர் அபுதாபி வழியைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் உண்டு. இங்கே சோதனை முடிந்துவிட்டால், அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணி போல இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். அரைத் தூக்கத்தில், கால் வீங்கிப்போய், அங்கே இன்னொரு வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

பெட்டிக்குள் இருப்பவை பற்றிய கேள்விகளும் இங்கேயே வந்துவிடும். பச்சைக் கறிவேப்பிலை கூடவே கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு வகை மரங்களைத் தாக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அந்த இலையோடு வந்துவிடும் என்பது அமெரிக்காவின் பயம்.

கறிவேப்பிலையையாவது ஊரிலேயே விட்டுவிட்டு வந்துவிடலாம். பாஸ்போர்ட்டில் இருக்கும் தேதிகளை என்ன செய்வது?

ஏன் ஆறு மாதம்?

நம் ஊரில் பிரசவம் என்றால் பெண் அம்மா வீட்டுக்கு வருவாள். பெண் அமெரிக்காவில் இருந்தால் அம்மா வீடு அங்கே போகிறது. பத்தியச் சமையல், பிள்ளைக்கு எண்ணெய்க் குளியல், ராத்திரி முழுக்க அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது என எல்லாமே விமானம் ஏறிப் போகின்றன.

பாசத்தைத் தாண்டி இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தியாவில் சட்டப்படி தகுதியுள்ள பெண்களுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு உண்டு. அமெரிக்காவில் தனியார் நிறுவனங்கள் சம்பளத்துடன் விடுப்பு தர வேண்டும் என்று நாடு முழுமைக்குமான சட்டம் எதுவும் இல்லை. 1993-ல் வந்த சட்டம், தகுதியுள்ளவர்களுக்கு 12 வாரம் விடுப்பு தருகிறது; அதுவும் சம்பளம் இல்லாமல். சில மாநிலங்களும் நிறுவனங்களும் இதைவிட அதிகம் தருகின்றன. மற்றவர்களுக்கு அந்தப் பச்சைக் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் முதல் கவலை.

அதனால்தான் பெண்ணின் பெற்றோர் ஆறு மாதம், அவர்கள் கிளம்பியதும் சம்பந்தி வீட்டார் ஆறு மாதம் என்று பல குடும்பங்களில் ஒரு ‘ஷிஃப்ட்’ நடக்கிறது.

இந்தத் தம்பதியின் கணக்கும் அப்படித்தான் ஏறியது. முதல் பேத்தி பிறந்தபோது ஐந்தரை மாதம். பிறகு ஏழு மாதம் ஊரில். குழந்தை டே கேருக்குப் போகத் தொடங்கி, வாரம் ஒரு காய்ச்சல் வந்தபோது மறுபடியும் ஆறு மாதம். ஊருக்குத் திரும்பி மூன்று மாதம்தான் ஆகிறது. இப்போது மூன்றாவது முறை.

பத்து வருட விசா, ஒரு நிமிடக் கேள்வி

சென்னை ஜெமினி மேம்பாலத்துக்கு அருகே இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் பி1/பி2 விசா கிடைத்தவுடன், “பத்து வருஷத்துக்குக் கவலையில்ல” என்று சொல்லாதவர்கள் குறைவு. ஆனால், அந்தப் பத்து வருட விசா வாசல்வரை வந்து கதவைத் தட்டுவதற்கான அனுமதி மட்டும்தான். உள்ளே விடலாமா, எத்தனை நாள் தங்கலாம் என்பதை ஒவ்வொரு முறையும் கவுன்டரில் இருக்கும் அதிகாரிதான் முடிவு செய்கிறார். சுற்றுலாப் பயணியாக அனுமதிக்கப்படுபவருக்குப் பொதுவாக ஆறு மாதம் கிடைக்கும். அந்தக் கடைசித் தேதி ‘ஐ-94’ என்ற பதிவில் இருக்கும். இணையத்தில் யாரும் தங்கள் பதிவைப் பார்த்துக்கொள்ளலாம்.

‘ஆறு மாசம் அங்கே, ஆறு மாசம் இங்கே இருந்தா பிரச்னை இல்ல’ என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு விதி சுற்றுகிறது. அப்படி ஒரு சட்டம் அமெரிக்காவில் இல்லை. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் 180 நாள்களில் 90 நாள் என்று தெளிவான கணக்கு உண்டு; விரல் விட்டு எண்ணிவிடலாம். அமெரிக்காவில் கணக்கு அதிகாரியின் பார்வையில் இருக்கிறது. வருபவர் அங்கேயே குடியேற நினைக்கிறார் என்றுதான் அந்நாட்டுச் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது வருபவரின் பொறுப்பு. ஊரில் இருந்த நாள்களைவிட அங்கே இருந்த நாள்கள் அதிகமாகும்போது, ‘இவர் சுற்றிப் பார்க்க வருகிறாரா, வாழ வருகிறாரா?’ என்ற சந்தேகமும் வளர்கிறது.

“நயாகரா பார்க்கணும்”

தலைமை ஆசிரியருக்கு மருமகன் முதல் நாள் இரவே ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தார். பிரசவம், குழந்தை என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். சுற்றிப் பார்க்க வருகிறோம் என்று மட்டும் சொல்லுங்கள் என்பதே அதன் சாரம். நண்பர் ஒருவர் சொன்ன யோசனையாம்.

கவுன்டரில் பெண் அதிகாரி. பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்துவிட்டுத் திரையையே சில நொடிகள் பார்க்கிறார்.

“எதற்காகப் போகிறீர்கள்?”

“நயாகரா பார்க்கணும்” என்கிறார் தலைமை ஆசிரியர், ஆங்கிலத்தில்.

“முந்தைய இரண்டு பயணங்களில் பார்க்கவில்லையா?”

பதில் இல்லை.

“கடந்த 22 மாதங்களில் பாதிக்கு மேல் அமெரிக்காவில் இருந்திருக்கிறீர்கள். அங்கே என்ன செய்தீர்கள்?”

இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பேரக்குழந்தையோடு இருப்பது குற்றமல்ல. ஆனால், சுற்றுலா விசாவில் வேலை செய்யக் கூடாது. ‘குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறோம்’ என்றால், ஆயா வேலைக்குப் போவதுபோல் அதிகாரிக்குக் கேட்கலாம், கேள்விகள் நீளலாம். அதற்குப் பயந்து பொய் சொன்னால் சிக்கல் அதைவிடப் பெரிது. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைத்துப் பொய் சொன்னதாக முடிவானால், அது வாழ்நாள் தடைவரை கொண்டுபோய் விடலாம்.

முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று சொன்னவருக்கு வியர்க்கிறது. ஃபைலைக் கீழே வைக்கிறார்.

“மேடம், நான் முதலில் சொன்னது சரியில்லை. என் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். அவளோடு இருக்கத்தான் போகிறோம். முந்தைய இரண்டு முறையும் அவளோடும் பேத்தியோடும்தான் இருந்தோம். சம்பளம் எதுவும் வாங்கவில்லை. கொடுத்த தேதிக்கு முன்பே இரண்டு முறையும் திரும்பிவிட்டோம்.”

அதிகாரி, மனைவி பக்கம் திரும்புகிறார். “உங்கள் வீடு எங்கே இருக்கிறது?”

கணவர் தமிழில் கேட்கிறார். அவர் சட்டென்று பதில் சொல்லவில்லை. போன முறை சிகாகோவில் இருந்தபோது எதிர்வீட்டுப் பெரியம்மா இறந்துபோனார். வீடியோ காலில்தான் முகம் பார்த்தார். ஊருக்குத் திரும்பியபோது வாசல் துளசி காய்ந்து குச்சியாகியிருந்தது.

“திருவையாறு பக்கம். காவேரிக்கு நடந்தே போயிரலாம். சாவியப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டு வந்திருக்கேன். சாயங்காலம் வெளக்குப் போடச் சொல்லியிருக்கேன்.”

அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொல்கிறார் கணவர்.

அடுத்து, இருவரையும் தனி அறையில் உட்கார வைக்கிறார்கள். முக்கால் மணி நேரம். பென்ஷன் ஆவணம், வீட்டு வரி ரசீது, திரும்பி வரும் டிக்கெட் என ஃபைலில் இருப்பவை மேஜைக்கு வருகின்றன. வருடாந்தரப் பென்ஷனர் நேர்காணலுக்கு ஊரில் இருந்தாக வேண்டும் என்பதையும் சொல்கிறார். இங்கே மறுக்கப்பட்டால் சிகாகோ விமானத்தில் ஏற முடியாது. அபுதாபியிலிருந்தே சென்னைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

கடைசியில் அனுமதி கிடைக்கிறது, ஒரு வார்த்தையோடு: “அடுத்த முறை இவ்வளவு சீக்கிரம் வராதீர்கள்.”

நம் ஊரிலும் நடந்ததுதான்

இந்தச் சந்தேகம் அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமானதல்ல. திருவண்ணாமலையிலும் கோவாவிலும் சுற்றுலா விசாவில் மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டினரை நாமும் கேள்வி கேட்டிருக்கிறோம். 2009 இறுதியில், சுற்றுலா விசாவில் வந்து திரும்பியவர் மீண்டும் வர இரண்டு மாத இடைவெளி வேண்டும் என்று இந்தியா விதி கொண்டுவந்தது. ரமணாசிரமத்துக்கு வருடா வருடம் வருபவர்களும் அதற்குள் அடங்கினார்கள். 2012 இறுதியில்தான் பெரும்பாலான நாட்டவருக்கு அது விலக்கப்பட்டது. எந்த நாட்டுக்கும் விருந்தாளி யார், குடிவருபவர் யார் என்று தெரிய வேண்டியிருக்கிறது.

பெற்றோரை அனுப்பும் பிள்ளைகள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ஐ-94 தேதியை ஒரு நாள் தாண்டினாலும் அந்த விசா செல்லாததாகிவிடும். 180 நாளுக்கு மேல் தாண்டித் தங்கிவிட்டுக் கிளம்பினால் மூன்று வருடம், ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் பத்து வருடம் தடை. தவிர்க்க முடியாத காரணம் இருந்தால், தேதி முடியும் முன்பே ஐ-539 படிவத்தில் நீட்டிப்பு கேட்கலாம். அதைவிட முக்கியம், அப்பா அம்மாவுக்கு எழுதிக்கொடுத்த வசனம் வேண்டாம். உண்மையையே சொல்லச் சொல்லுங்கள்.

சிகாகோவில் அந்தத் தம்பதிக்கு வரிசை எதுவும் இல்லை. பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். பேத்தி ஓடிவந்து பாட்டியின் ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, ஆறு மாசம் குடுத்துட்டாங்கல்ல?” என்றார் மகள்.

“குடுத்துட்டாங்கம்மா. ஆனா, நாங்க மூணு மாசத்துல கெளம்புறோம். டிக்கெட்ட மாத்திடு.”

மகள் அம்மாவைப் பார்த்தார்.

“பொங்கலுக்கு வீட்டைத் தொறக்கணும்டி” என்றார் அம்மா.