டேபுக்குப் பின்னால் ஒளியும் கட்டங்கள்

பிஎச்பிக்கும் படிவத்துக்கும் பிறவியிலிருந்தே உறவு. ராஸ்மஸ் லெர்டோர்ஃப் 1995-இல் அதை வெளியிட்டபோது 'பெர்சனல் ஹோம் பேஜ் டூல்ஸ்' என்றுதான் பெயர். பிறகு அது பிஎச்பி/எஃப்ஐ ஆனது. அந்த எஃப்ஐக்கு விரிவாக்கம் 'ஃபார்ம்ஸ் இன்டர்பிரெட்டர்'. வலைப்பக்கத்தில் யாரோ நிரப்பி அனுப்பும் படிவத்தைப் பிரித்துப் படிக்கிற வேலைக்காரன். வருடங்கள் முப்பது ஓடியும் பிஎச்பி எழுதுகிறவர்களின் அன்றாடப் பிழைப்பு பெரும்பாலும் படிவம்தான்.

பெயர், முகவரி, செல் நம்பர், கீழே ஒரு பட்டன் என்று இருக்கும்வரை சிக்கல் இல்லை. கட்டங்கள் ஐம்பதைத் தாண்டும்போதுதான் தலைவலி ஆரம்பம். மவுஸ் சக்கரத்தை உருட்டி உருட்டி விரல் தேய்கிறது என்று புகார் வரும். உடனே யாராவது ஒருவர், "டேப் போட்டுடலாமே, பார்க்க நீட்டா இருக்குமே" என்பார்.

(டேப் என்பதைத் தமிழில் சிலர் கீற்று என்கிறார்கள், சிலர் தாவல் என்கிறார்கள். தாவல் பொருத்தமான பெயர்தான். நிரப்புகிறவர் பாதியை விட்டுவிட்டுத் தாவிவிடுவார்.)

தாராளமாகப் போடலாம். ஆனால் டேப் போட்டதால் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் குறைவதில்லை. எல்லாம் அங்கேயேதான் இருக்கின்றன, கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத கட்டத்துக்கு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அந்த நிமிடத்திலிருந்து நிரல் எழுதுகிறவர் தலையில் விழுகிறது. இதை யோசிக்காமல் டேப் போடுகிற இடத்தில்தான் விபத்து நடக்கிறது.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். குறிப்பேடும் பேரேடும் ஞாபகம் இருக்கிறதா? குறிப்பேட்டில் நடவடிக்கைகள் நடந்த வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும். பேரேட்டில் அப்படி இல்லை; கணக்கு வாரியாகப் பக்கம் பிரித்திருக்கும். பழைய பேரேடுகளின் ஓரத்தில் படிக்கட்டு மாதிரி வெட்டி எழுத்து போட்டிருப்பார்கள். விரலை வைத்தால் வேண்டிய பக்கம் திறக்கும். திரையில் இருக்கிற டேப் அந்த வெட்டுக்குச் சொந்தக்காரன். பேரேட்டைத் திறக்கிறவருக்கு எந்தக் கணக்கு வேண்டும் என்று ஏற்கெனவே தெரியும். ஆகவே ஒருமுறை நிரப்பிவிட்டு அடிக்கடி திருத்த வருகிற படிவத்துக்கு டேப் கச்சிதம். வாழ்நாளில் ஒரே ஒருமுறை, முன்பின் தெரியாமல் வந்து நிரப்புகிறவருக்குக் குறிப்பேடு மாதிரி வரிசையாகப் போகும் படிவமே நல்லது: ஒரு பக்கம், அடுத்து, அடுத்து, முடிந்தது.

இரண்டையும் கலந்தும் செய்யலாம். ஜிஎஸ்டி பதிவு விண்ணப்பத்தை இணையத்தில் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும். முதல் பகுதியில் பான் எண், மின்னஞ்சல், செல்பேசி எண் கொடுத்து ஓடிபி போட்டால் ஒரு தற்காலிகக் குறிப்பு எண் வரும். அதை வைத்து 15 நாளுக்குள் இரண்டாம் பகுதியை முடிக்க வேண்டும். அந்த இரண்டாம் பகுதி மேலே பத்து டேப்களாக நீண்டு நிற்கும். தொழில் விவரம், உரிமையாளர் அல்லது பங்குதாரர்கள், கையெழுத்திட அதிகாரம் பெற்றவர், முதன்மையான தொழில் இடம், கூடுதல் இடங்கள், சரக்கும் சேவையும் என்று போய் ஆதார் சரிபார்ப்பு, உறுதிமொழியில் முடியும். ஒவ்வொரு டேபின் அடியிலும் சேமித்துத் தொடரும் பட்டன். முடித்த டேபின் மேல் டிக் விழும். இது எந்த மொழியில் எழுதப்பட்டது என்பது இங்கே முக்கியமில்லை. பிஎச்பியில் எழுதுகிறவரும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

முதலாவது, சான்றுகளைக் கேட்கும் இடம். தொழில் இடத்தின் முகவரி எந்த டேபில் கேட்கப்படுகிறதோ, அதற்கான சான்றையும் அதே டேபில்தான் கேட்கிறார்கள். உரிமையாளரின் படம் உரிமையாளர் டேபில். ஒரு மளிகைக் கடைக்காரர் நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் இருப்பது காகிதங்கள். வாடகை ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதில் உள்ள முகவரியைத் தட்டுகிறார், அதையே ஏற்றுகிறார், மடித்து வைத்துவிடுகிறார். எல்லாச் சான்றுகளையும் கடைசியில் 'ஆவணங்கள்' என்று ஒரே டேபில் குவித்திருந்தால் மடித்து வைத்ததையெல்லாம் மறுபடி பிரிக்க வேண்டும்.

படிவம் எழுதுகிறவர்கள் பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். தரவுத்தளத்தில் ஏழு அட்டவணை இருக்கிறதா, ஏழு டேப்! நிரல் எழுத வசதிதான். ஆனால் உங்கள் அட்டவணை எப்படிப் பிரிந்திருக்கிறது என்பது கடைக்காரருக்கு எதற்கு? அவருடைய காகிதம் எப்படிப் பிரிந்திருக்கிறதோ அப்படி டேபைப் பிரித்துவிட்டு, வந்து சேர்ந்த தகவலை ஏழு அட்டவணைக்கும் பிரித்துப் போடுவதை பிஎச்பியிடம் விட்டுவிடலாம். சம்பளம் கேட்காமல் செய்யும்.

இரண்டாவது, ஒரு டேபில் சொன்ன பதில் இன்னொரு டேபை மாற்றுவது. உரிமையாளரே கையெழுத்திடுபவரும் என்று தேர்ந்தெடுத்துவிட்டால் அவருடைய விவரம் கையெழுத்து டேபில் தானாக வந்துவிடுகிறது. அதே பெயர், அதே பிறந்த தேதியை இரண்டாம் முறை தட்டச் சொன்னால் மனிதர்கள் வேறு மாதிரித்தான் தட்டுவார்கள். ஒரு இடத்தில் இனிஷியல் முன்னால், இன்னொரு இடத்தில் பின்னால்.

இனி பிஎச்பியின் உள்விவகாரம். கணக்குப்பதிவியலில் 'விடு பிழை' என்று ஒன்று உண்டு. ஒரு நடவடிக்கையை முழுவதுமாக எழுதாமல் விட்டுவிட்டால் பற்று, வரவு இரண்டுமே விடுபடும். இருப்பாய்வு அழகாகச் சமமாகிவிடும். தப்பு நடந்ததே தெரியாது. டேப் போட்ட படிவத்தில் நடக்கிற மோசமான விபத்துகள் எல்லாமே இந்த ஜாதிதான். திரையில் சிவப்பு எழுத்து வராது. 'வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது' என்று பச்சையில் வரும். தகவல் மட்டும் இருக்காது.

உதாரணமாக, பிஎச்பியின் அமைப்புக் கோப்பில் மேக்ஸ் இன்புட் வார்ஸ் என்று ஒரு வரி. ஒரு படிவத்திலிருந்து எத்தனை மாறிகளை ஏற்றுக்கொள்வது என்ற உச்சவரம்பு. 2012 ஜனவரியில் 5.3.9 பதிப்போடு வந்தது. வேண்டுமென்றே லட்சக்கணக்கில் மாறிகளை அனுப்பி சர்வரை மூச்சுத் திணற வைக்கும் தாக்குதலைத் தடுப்பதற்காக வைத்தார்கள். நியாயமான காவல்தான். யாரும் மாற்றாவிட்டால் அதன் அளவு 1000. ஆயிரத்தொன்றாவது கட்டம் வந்தால் பிஎச்பி என்ன செய்யும் தெரியுமா? முதல் ஆயிரத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். எச்சரிக்கை ஒன்று சர்வரின் குறிப்புக் கோப்பில் விழும், நிரல் பாட்டுக்கு ஓடும்.

ஆயிரம் கட்டம் யார் வைக்கப்போகிறார்கள் என்று தோன்றும். வேர்ட்பிரஸ்ஸில் கடை போட உதவும் வூகாமர்ஸ் பிஎச்பியில் எழுதப்பட்டது. அதில் பொருளின் விவரம் நிரப்பும் பெட்டியே டேப் வைத்ததுதான்: பொது, சரக்கிருப்பு, அனுப்புதல், பண்புகள் என்று. பனியன் விற்கிறவர் பத்து நிறம், ஏழு அளவு வைத்திருந்தால் 70 வகை. ஒவ்வொரு வகைக்கும் விலை, தள்ளுபடி விலை, இருப்பு, எடை என்று 15 கட்டம் என்று போட்டுப் பாருங்கள், 1050. கடைசி சில வகைகளின் விலை ஏறவே ஏறாது. ஒருகாலத்தில் இது அந்தக் கடைக்காரர்களிடையே ரொம்பப் பிரபலமான தொல்லை. 2015 ஆகஸ்டில் வந்த 2.4 பதிப்பிலிருந்து வகைகளைப் பக்கம் பக்கமாகப் பிரித்து அஜாக்ஸ் மூலம் ஏற்றிச் சேமிக்கும்படி மாற்றினார்கள்.

அந்த வரம்பை நிரலுக்குள்ளிருந்து உயர்த்த முடியாது. நிரல் விழிப்பதற்கு முன்பே படிவம் பிரிக்கப்பட்டுவிடும். அமைப்புக் கோப்பில்தான் கைவைக்க வேண்டும். அதைவிட எளிய ஒரு காவல் உண்டு. படிவத்தின் கடைசி வரியாக, மறைந்த கட்டம் ஒன்றை 'முடிவு' என்ற பெயரில் வையுங்கள். சர்வரில் அது வந்து சேர்ந்ததா என்று முதலில் பாருங்கள். வரவில்லையா, எதையும் சேமிக்காமல் திருப்பி அனுப்புங்கள். ரயிலின் கடைசிப் பெட்டியில் பெருக்கல் குறி இருக்கிறதா என்று ஸ்டேஷன்காரர் பார்ப்பது மாதிரி.

அடுத்தது இன்னும் கொடுமை. ஒரு படிவம் மொத்தமாக எத்தனை எம்பி இருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு, வழக்கமாக 8 எம்பி. ஒரு கோப்புக்கு 2 எம்பி. ஆறாவது டேபில் ஆதார் அட்டையை இன்றைய செல்பேசியில் படமெடுத்து ஏற்றுகிறார் ஒருவர். கூடவே இன்னும் இரண்டு படம். மொத்தம் எட்டைத் தாண்டிவிட்டால் பிஎச்பி அந்தப் படங்களை மட்டும் தள்ளுவதில்லை, படிவத்தையே காலியாக்கிக் கொடுத்துவிடும். முதல் டேபில் தட்டிய பெயர்கூட இருக்காது. நிரலின் பார்வையில் யாரும் எதையும் அனுப்பவே இல்லை. படிவத்தின் நீளம் என்று உலாவி சொன்ன எண் பெரிதாக இருந்து, உள்ளே எதுவுமே இல்லையென்றால் இதுதான் நடந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அதை நிரப்பியவரிடம் சொல்லத் தெரிய வேண்டும்.

டிக் அடிக்கும் கட்டங்கள் தனி ரகம். டிக் அடிக்காத கட்டத்தை உலாவி அனுப்பவே அனுப்பாது. ஒரே பக்கப் படிவத்தில், வரவில்லை என்றால் 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் திறந்தால் மட்டும் ஏறுகிற டேப் என்று வைத்திருந்தால்? வந்தவர் முகவரியை மட்டும் மாற்றிவிட்டுச் சேமிக்கிறார். நாலாவது டேபை அவர் திறக்கவே இல்லை. சர்வருக்கோ, போன வருடம் டிக் அடித்ததையெல்லாம் அவர் இப்போது நீக்கிவிட்டதாகத் தெரியும். துடைத்துவிடும். எந்தெந்த டேப் ஏறியது என்று ஒரு மறைந்த கட்டம் சொன்னால் இந்த வம்பு இல்லை.

உலாவியும் தன் பங்குக்கு விளையாடும். மறைந்திருக்கும் டேபில் கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம் காலியாக இருந்தால், அதைச் சுட்டிக்காட்ட உலாவிக்கு வழியில்லை, அதுதான் மறைந்திருக்கிறதே. அதனால் அனுப்பவும் செய்யாது, ஏன் என்று திரையில் சொல்லவும் செய்யாது. நிரலர்கள் மட்டும் பார்க்கிற கன்சோலில் ஒரு வரி முணுமுணுக்கும். கடைசித் தேதி அன்று, பிரௌசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் அந்தப் பட்டனை எத்தனை முறை அழுத்துவாள்! நெட் ஸ்லோ என்று நினைத்துக்கொள்வாள். இதற்கு ஒரே மருந்து, சரிபார்ப்பை உலாவியை நம்பி விடாமல் சர்வரில் செய்து, பிழை இருக்கும் டேபை பிஎச்பியே திறந்து காட்டுவது. டேபின் தலையிலேயே 'முகவரி: 2 பிழை' என்று எண்ணோடு போட்டால் இன்னும் நல்லது. சிவப்பு நிறம் மட்டும் போதாது. நிறம் பிரித்தறிய முடியாதவர்களும் நிரப்புகிறார்கள்.

எங்கே சேமிப்பது என்பதிலும் ஒரு வார்த்தை. செஷனில் வைத்துவிட்டுக் கடைசியில் மொத்தமாகத் தரவுத்தளத்துக்கு அனுப்பலாம் என்பது பாடப்புத்தக யோசனை. செஷனின் இயல்பான ஆயுள் 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். அதுவரை சர்வர் பக்கமே போகாமல் இருந்தால் அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் துடைக்கப்படலாம். வருமானச் சான்றிதழைத் தேடி பீரோவைக் கலைத்துவிட்டு வருவதற்குள் 24 நிமிடம் ஓடிவிடும். ஆகவே ஒவ்வொரு டேபும் முடிந்தவுடன் தரவுத்தளத்தில் 'வரைவு' என்ற நிலையில் ஏறிவிட வேண்டும். வரைவில் பாதி கட்டம் காலியாக இருந்தாலும் சேமிக்க விட வேண்டும். எல்லாம் நிரம்பியிருக்கிறதா என்ற கெடுபிடி கடைசியில் சமர்ப்பிக்கும்போது போதும். ஜிஎஸ்டி விண்ணப்பத்தின் 15 நாள் அவகாசம் சாத்தியமாவதே, நிரப்பிய வரையில் அங்கே எழுதி வைக்கப்படுவதால்தான்.

டேபுக்குள் டேப் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கவே வேண்டாம். அந்த அளவுக்குக் கட்டம் இருந்தால் எதையெல்லாம் கேட்காமல் விடலாம் என்று முதலில் பாருங்கள். பிறந்த தேதியைக் கேட்டுவிட்டு வயதையும் கேட்கிற படிவங்கள் இன்னும் இருக்கின்றன.

எழுதி முடித்த படிவத்தைச் சோதிக்க ஒரு முறை. எல்லா டேபையும் நிரப்புங்கள். கடைசி டேபின் கடைசிக் கட்டத்தில் 7 என்று தட்டுங்கள். செல்பேசியில் எடுத்த பெரிய படம் ஒன்றை நடுவில் எங்காவது ஏற்றுங்கள், கட்டாயக் கட்டம் ஒன்றை மூன்றாவது டேபில் காலியாக விடுங்கள். எழுந்து போய் டீ குடித்துவிட்டு அரைமணி நேரம் கழித்து வந்து பட்டனை அழுத்துங்கள். மூன்றாவது டேப் தானாகத் திறந்து, படம் பெரிதாக இருக்கிறது என்று தமிழிலோ இங்கிலீஷிலோ சொல்லி, அந்த 7 அப்படியே இருந்தால் படிவத்தை ஊருக்குக் கொடுக்கலாம்.