64-ஆம் பக்கம்

சிறுபத்திரிகையில் மதிப்புரை எழுதுகிறவனுக்குச் சம்பளம் கிடையாது. புத்தகம் இலவசம், அவ்வளவுதான். அந்த இலவசத்துக்கு ஆசைப்பட்டுத்தான் 1977-இல் அறிவியல் நாவல்களுக்கு மதிப்புரை எழுத ஆரம்பித்தேன். அப்போது கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். “ராக்கெட் கதையெல்லாம் உங்களுக்கே வரட்டும் சார்” என்று பத்திரிகை ஆசிரியர் பார்சலை என் பக்கம் தள்ளிவிட்டார். எனக்கு வயது இருபத்தேழு. கையில் விடைத்தாள் திருத்த வாங்கிய சிவப்பு மைப் பேனா. நாவலுக்கும் அதுவே போதும் என்று நினைத்துவிட்டேன்.

மூன்றாவதோ நான்காவதோ வந்த நாவல், காரைக்குடிப் பக்கத்து ஆச்சி ஒருவர் சொந்தச் செலவில் அச்சடித்தது. ஐந்நூறு பிரதி. கணவன் செவ்வாய்க்குச் சுரங்க வேலைக்குப் போகிறான், மனைவி ஊரில் இருக்கிறாள். இரவானால் இருவரும் டெலிபோனில் பேசிக்கொள்கிறார்கள். அவள் கேட்டால் அவன் அந்தக் கணமே பதில் சொல்கிறான். 64-ஆம் பக்கத்தில் என் பேனா துள்ளி எழுந்தது. செவ்வாயிலிருந்து ஒளி இங்கே வந்து சேரவே, கோள்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து, 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை ஆகும். வானொலி அலைக்கும் அதே கணக்குதான். “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டுவிட்டு முக்கால் மணி நேரம் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். இதை வைத்து ஒன்றரைப் பக்கம் கிண்டல் எழுதினேன். நண்பர்கள் டீக்கடையில் உரக்கப் படித்துச் சிரித்தார்கள். நான் எழுதியதிலேயே அதுதான் உருப்படியானது என்று ரொம்ப நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூர் மார்க்கெட் எரிவதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1983-இல், அங்கே ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. டேமன் நைட் என்ற அமெரிக்கர் எழுதிய மதிப்புரைகளின் தொகுப்பு. அந்த நாட்டில் அறிவியல் நாவலை இலக்கியமாக மதித்து, இலக்கியத்துக்குரிய கறாரோடு அணுகியவர்களில் அவர் முன்னோடி. 1945-இல், இருபத்து மூன்று வயதில், அன்றைக்குக் கொடிகட்டிப் பறந்த ஏ. ஈ. வான் வோக்டின் ஒரு நாவலை ரசிகர் பத்திரிகை ஒன்றில் பிரித்து மேய்ந்திருந்தார். கதை முன்னுக்குப் பின் முரண், பாத்திரங்கள் செய்வதற்குக் காரணமில்லை என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்து அடித்திருந்தார். படிக்கப் படிக்க எனக்குக் குஷி. நம்ம ஆள் ஒருத்தன் அங்கேயும் இருந்திருக்கிறான்!

மீதிக் கதை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வான் வோக்ட் இரவில் ஒன்றரை மணிக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்திருப்பாராம். கதை எங்கே முட்டி நிற்கிறது என்று யோசிப்பார், மறுபடி தூங்குவார். கனவில் வந்ததைக் காலையில் எழுதுவார். அந்த நாவல் தர்க்கத்துக்கு அடங்காமல் திமிறியதன் காரணம் அதுவாக இருக்கலாம். இந்தப் பழக்கம் தெரியவந்தபின் நைட் தன் தீர்ப்பைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார். வான் வோக்டும் வீம்பு பிடிக்கவில்லை. 1970-இல் நாவலைத் திருத்தி வெளியிட்டபோது, முன்னுரையில் நைட்டின் விமரிசனத்தை எடுத்துப் பேசினார். அந்த நாட்டு அறிவியல் கதை எழுத்தாளர் சங்கம் வாழ்நாள் சாதனைக்குத் தரும் பட்டம் 1995-இல் நைட்டுக்குக் கிடைத்தது, வான் வோக்டுக்கு அடுத்த வருஷம். அந்தச் சங்கத்தை நிறுவியவரே நைட்தான். அடித்தவருக்கு முதலில், அடிபட்டவருக்குப் பிறகு. அதற்குள் வான் வோக்டுக்கு மறதி நோய் வந்துவிட்டிருந்தது.

பிழையைச் சொல்லக்கூடாது என்று நான் சொல்லவரவில்லை. லாரி நிவன் 1970-இல் ‘ரிங்வேர்ல்ட்’ எழுதினார். வேறொரு சூரியனைச் சுற்றி வளையல் மாதிரி ஒரு மாபெரும் உலகம். முதல் பதிப்பில் பூமியையே தப்பான திசையில் சுற்றவிட்டிருந்தார், அது அடுத்த அச்சில் சரியானது. அதைவிடப் பெரிய வம்பு 1971-இல் பாஸ்டனில் நடந்த ரசிகர் மாநாட்டில் வந்தது. எம்.ஐ.டி. மாணவர்கள் கூடி, அந்த வளையம் நிலையாக நிற்காது என்று கோஷமே போட்டார்கள். அவர்கள் சொன்னது சரி. தனியாகச் சுற்றும் கோளைப் போல அல்ல இது. திடமான வளையம் ஒரு பக்கம் மயிரிழை நகர்ந்தால் போதும், அந்த விலகல் கூடிக்கொண்டே போய் அந்தச் சூரியனில் முட்டும். நிவன் கோபித்துக்கொள்ளவில்லை. விளிம்பில் அதை நிலைநிறுத்தும் எந்திரங்கள் உண்டு என்று வைத்து 1980-இல் இன்னொரு நாவலே எழுதிவிட்டார். மாணவர்கள் புத்தகத்தைக் காதலித்ததால்தான் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். நான் கணக்குப் போட்டது கைதட்டலுக்கு.

நைட்டின் புத்தகம் கிடைத்த அதே 1983-இல் ஒரு கல்யாணத்துக்காகக் காரைக்குடி போகவேண்டி வந்தது. விசாரித்துக்கொண்டு ஆச்சி வீட்டுக்குப் போனேன். நான் யார் என்று சொன்னதும் முகம் மாறவில்லை. “வாங்க தம்பி, உக்காருங்க” என்று காபி கொடுத்தார். தயங்கித் தயங்கி அந்த டெலிபோன் விஷயத்தை எடுத்தேன்.

“செவ்வாய்க்கிச் சேதி போக எம்புட்டு நேரமாகும்னு எழுதியிருந்தீக?”

“அதிகபட்சம் இருபத்திரண்டு நிமிஷம் ஆச்சி.”

“அம்புட்டுத்தானா?” என்றார்.

அப்புறம் அவராகவே சொன்னார். கல்யாணமான வருஷமே கணவர் பினாங்குக்கு வட்டிக்கடையில் அடுத்தாளாகப் போயிருக்கிறார். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்துவிட்டான். கடுதாசி நின்றது. “மூணே முக்கா வருஷம் தம்பி. இருக்காகளா இல்லையான்னே தெரியாது. ஊர்ல ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு பேசுனாக. சண்டை முடிஞ்சு ஒரு கார்டு வந்துச்சு, ரெண்டு வரி. கதையிலயாச்சும் கேட்டவுடனே பதில் வரட்டும்னுதான் அப்படி எழுதுனேன்.”

எனக்குக் காபி இறங்கவில்லை. ஆனாலும் உள்ளே இருந்த வாத்தியார் சும்மா இருக்கவில்லை. அந்த 22 நிமிடத்தை நாவலுக்குள் வைத்திருந்தால்? ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் அவள் முக்கால் மணி நேரம் காத்திருந்தால்? நான் பிழை என்று சுழித்த இடத்தில்தான் அவருடைய சொந்த நாவலே புதைந்து கிடந்தது. அதை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. மெதுவாகச் சொன்னேன். ஆச்சி வாசலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதை அப்பவே எழுதியிருக்கலாமே தம்பி. திருத்தி எழுதியிருப்பேனே.”

அதற்குப் பிறகு அவர் நாவல் எதுவும் எழுதியிருக்கவில்லை. காரணம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கண் சரியில்லை என்று அவராகச் சொன்னார்.

அன்றிலிருந்து, எழுத்தாளர் உயிரோடு இருந்தால் மதிப்புரைக்கு முன்னால் ஒரு இன்லேண்ட் கவர் போடுவது என் வழக்கம். இரண்டு கேள்வி, அதிகம் போனால் மூன்று. சிலர் பதிலே போடமாட்டார்கள். ஒருவர் எட்டுப் பக்கம் எழுதினார், நாவலைவிட அது நன்றாக இருந்தது. பேசுவதிலும் ஆபத்து உண்டு. ஒருவர் வீட்டில் வயிறார மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்து, அவருடைய மகா மோசமான நாவலை ‘குறிப்பிடத்தக்க முயற்சி’ என்று எழுதினேன். கிண்டலைவிட அது பெரிய பொய். ஆகவே கடிதத்தோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

வாசகர்களிடம் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 2021-ஐ ஒட்டிய காலத்தில் நடக்கும் கதை. அந்த வருஷம் வந்ததும் பழைய மாணவர்கள் போன் செய்து, எது பலித்தது எது பலிக்கவில்லை என்று என்னோடு கணக்குப் பார்த்தார்கள். ஜாதகமா அது? கதையில் வரும் ஜீவாவின் ஆட்சிக்கு ஜனங்கள் ஏன் தலையாட்டுகிறார்கள், இயந்திர நாய் ஜீனோமேல் நமக்கு ஏன் பாசம் வருகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதியவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். அவர் 2008-லேயே போய்விட்டார்.

ஆச்சியும் இப்போது இல்லை. மறுபதிப்பும் வரவில்லை. பழைய புத்தகக் கடைப் பக்கம் போகிறவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். மேலட்டையில் ஒரு சிவப்பு உருண்டை, அதன் கீழே கறுப்பு டெலிபோன், விலை நான்கு ரூபாய் என்று போட்டிருக்கும். கிடைத்தால் எனக்கு ஒரு பிரதி வேண்டும். என்னிடம் இருப்பதில் 64-ஆம் பக்கத்தைப் படிக்கமுடியாது. முழுக்கச் சிவப்பு மை.