நட்சத்திரப் போர்வை தைக்கும் அம்மா

அமெரிக்காவில் சான் டியாகோ நகரின் கொறொனாடோ பாலத்துக்குக் கீழே சிக்கானோ பூங்கா இருக்கிறது. தலைக்கு மேலே வாகன இரைச்சல் ஓய்வதேயில்லை. அந்த நகரில் வசிக்கும் ஒன்றுவிட்ட அக்காதான் என்னை அங்கே கூட்டிச் சென்றார். “பாலத்துக்குக் கீழே என்ன பூங்கா?” என்று கேட்டபடிதான் போனேன்.

மெக்சிக்கோ வழிவந்த அமெரிக்கர்கள் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர் சிக்கானோ. பெண்ணாயின் சிக்கானா. 1960களில் பெருந்தெருவுக்கும் பாலத்துக்குமாக இவர்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. பூங்கா தருவதாகச் சொல்லப்பட்ட நிலத்தில் பொலிஸ் நிலையம் கட்ட 1970 ஏப்ரல் 22இல் புல்டோசர்கள் வந்து நின்றன. ஊரவர்கள், பெண்களும் பிள்ளைகளுமாக, நிலத்தில் இறங்கி மறித்தார்கள். பன்னிரண்டு நாள் அங்கேயே இருந்தார்கள். நிலம் கிடைத்தது. 1973 முதல் பாலத்தின் தூண்களில் ஓவியங்கள் வரையத் தொடங்கினார்கள்.

ஆனால் என் மனதில் நின்றது தூணில் இருந்த ஓவியமல்ல. ஒரு வாங்கில் இருந்து அக்கா விரித்துக் காட்டிய புத்தகத்தில் இருந்தது அது. வரைந்தவர் யொலாண்டா லோபெஸ். 1942இல் இந்நகரில் பிறந்து, இந்தப் பகுதியில் வளர்ந்தவர். 2021இல் காலமானார்.

மெக்சிக்கோ மக்களின் வீடெங்கும் குவாதலூப்பே மாதாவின் படம் இருக்கும். உடலைச் சுற்றி ஒளிக்கதிர், நட்சத்திரம் பதித்த போர்வை, கூப்பிய கை, தாழ்ந்த பார்வை. 1978இல் லோபெஸ் அந்த ஒளிக்கதிருக்குள் தன் குடும்பத்துப் பெண்கள் மூவரை வைத்தார். பேத்தியான அவர் சப்பாத்து அணிந்து பாய்ந்து ஓடி வருகிறார். பாட்டி பாம்பை உரித்த தோலும் கத்தியுமாகப் போர்வைமேல் அமர்ந்திருக்கிறார். தையல் தொழிலாளியான அம்மா, மெஷினுக்கு முன்னால் இருந்து அந்த நட்சத்திரப் போர்வையைத் தைத்துக்கொண்டிருக்கிறார்.

மூவரில் எவர் மடியிலும் பிள்ளை இல்லை. தாய் என்றால் பிள்ளையோடுதான் வரையவேண்டும் என்று பழகிய கண்ணுக்கு இது முதலில் ஒரு குறைபோலத் தெரியும். எனக்கும் தெரிந்தது. பிறகுதான் அந்த அம்மாவின் கைகளைப் பார்த்தேன். மாதாவின் மகிமையையே அவர் மெஷினில் வைத்துத் தைக்கிறார்! இப்படி வரைந்ததற்கு எதிர்ப்பும் வந்தது. மாதாவைக் குதியுயர்ந்த சப்பாத்தோடு நடக்கவிட்ட அவரது இன்னொரு படத்தை 1984இல் மெக்சிக்கோவின் பெண்கள் சஞ்சிகை ஒன்று வெளியிட்டபோது, குண்டு வைப்பதாக மிரட்டினார்கள்.

தையல் மெஷின் உதவிக்கான விண்ணப்பங்கள் எத்தனையோ நான் நிரப்பியிருக்கிறேன். ‘தங்கிவாழ்வோர் எத்தனை பேர்’ என்று அதில் ஒரு கட்டம் உண்டு. முதுகு நோகிறதா, கண் தெரிகிறதா என்று கேட்கக் கட்டமில்லை. நானும் கேட்டதில்லை.

“சித்தியும் இப்பிடித்தானே மெஷினுக்கு முன்னால இருப்பா” என்றார் அக்கா.

அன்றிரவு அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, கண் எப்படி என்று கேட்டேன்.

“ஊசி கோர்க்கிறதுதான் கஷ்டம். பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து கோர்த்துத் தாறா” என்றார். எவ்வளவு காலமாக என்று கேட்டேன். மூன்று வருஷமாம்.